வெள்ளை நூல் கட்டிய தூரிகை

அன்பும் மரியாதையும் மிக்க மைத்துனர் நகதோஷி அவர்களுக்கு,

குமானோவிலிருந்து உங்கள் அக்காள் கணவன் யசுஹிகோ எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அங்கே நீங்களும் கல்யாணப் பெண் சிஹாயாவும் நலமாக இருக்க வேண்டும். வெயில் தணிந்து காலையில் போர்வையைத் தேட ஆரம்பித்துவிட்டோம். நீங்கள் அனுப்பிய திராட்சை வந்தது. ஒரு கொத்தை சுவாமி மாடத்தில் வைத்துவிட்டு மீதியை நானே தின்றேன். உங்கள் அக்கா சதோமிக்கு வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு இருப்பதால் தோல் உரிக்க முடியவில்லை. உரித்துக் கொடுக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம், அவளும் அதைத்தான் கேட்டாள். 'நலம்' என்று எழுதினேனே, அதில் என் பங்கு மட்டும் முந்தாநாள் பிற்பகல் கொஞ்ச நேரம் சந்தேகத்தில் இருந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளக் கடிதம். ஆனால் முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன்: சிஹாயாவின் கல்யாண அலங்காரத்துக்கு அவளுடைய அம்மாவின் தூரிகை இந்தப் பெட்டியில் பத்திரமாக வருகிறது. இதைப் படித்து மூச்சு விட்டுவிட்டு மேலே படியுங்கள்.

உங்கள் அக்கா வீட்டிலேயே தூரிகை கழுவிச் சீர்செய்கிற வேலை பார்ப்பது உங்களுக்குத் தெரியும். பெயின்ட் காய்ந்து விறகாகிப்போன ஓவியர்களின் தூரிகைகள், பவுடர் ஏறிக் கட்டிதட்டிப்போன அழகு நிலையத்துத் தூரிகைகள் எல்லாம் தபாலில் வந்து, புதிதாய்ப் பிறந்ததுபோல் தபாலில் திரும்பும். அவள் குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து அவளுடைய வலது கை நான்தான். ஆயுள் முழுக்க பஸ் ஓட்டிய கைக்கு ஆட்டுமுடியும் அணில்முடியும் என்ன தெரியும் சொல்லுங்கள்? முதல் நாளே ஓர் ஓவியரின் பன்றிமுடித் தூரிகையை வாசனை சோப்பில் ஊறவைத்தேன், ஓர் அழகு நிலையத்து அம்மாளின் அணில்முடித் தூரிகையை தின்னரில் ஊறவைத்தேன். ஓவியருடையது விறைப்பு மாறாமல் ரோஜா வாசனையோடு நின்றது. அந்த அம்மாளுடையது என் தலையைப்போல் ஆகிவிட்டது. சதோமி மாவுக்கட்டைத் தூக்கி ஒரு தடவை பார்த்தாள், அதை எங்கே இறக்கலாம் என்று யோசித்திருப்பாள் போலும்.

இந்த லட்சணத்தில்தான் உங்கள் பெட்டி வந்தது. உள்ளே ஒரு வரி எழுதிப் போட்டிருக்கக் கூடாதா மச்சான்? சிஹாயா முன்னாலேயே போன் செய்து, "அத்தை, அம்மா தூரிகை என் கன்னத்துல படணும், அது இல்லாம நான் மண்டபத்துக்குள்ள கால் வைக்க மாட்டேன்" என்று அழுதிருந்ததால் விஷயம் எங்களுக்குத் தெரியும். பெட்டியைத் திறந்தால் வெள்ளைத் தாளில் சுற்றிய இரண்டு தூரிகைகள். ஒரே நீளம், ஒரே ஆட்டுமுடி, ஒரே கறுப்பு மரக்காம்பு, ஒரே பித்தளைப் பூண். ஒன்றின் கழுத்தில் சிவப்பு நூல், மற்றதன் கழுத்தில் வெள்ளை நூல். நூல்கள் அழுக்காக இருந்தன. கல்யாணத்துக்குப் போகிற தூரிகையில் அழுக்கு நூலா என்று இரண்டையும் அறுத்து அடுப்பில் போட்டுவிட்டு, நன்றாக ஊறட்டும் என்று இரண்டையும் ஒரே குவளை வெந்நீரில் கழுத்துவரை முக்கி வைத்தேன். வேலையில் கெட்டிக்காரன் ஆகிவிட்டேன் என்ற நினைப்பு வேறு. சமையலறையில் போய் விசில் அடித்துக்கொண்டு தேநீர் போட்டேன்.

சதோமி வந்து குவளையைப் பார்த்தாள். "ஏங்க, பூணுக்கு மேல தண்ணி போகக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? பசை இளகி முடி கையோட வந்துரும்" என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றுவிட்டாள். "நூல் எங்க?"

"அழுக்கா இருந்துச்சு. எரிச்சிட்டேன்."

"எதுல எந்த நூல் இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கோபமாக இருந்தால் நிற்பாள், பயந்தால்தான் உட்காருவாள். மறைந்த உங்கள் மனைவி ஃபுசயே சவ அடக்க நிலையத்தில் இறந்தவர்களுக்குக் கடைசி அலங்காரம் செய்து வந்தது நமக்கெல்லாம் தெரியும். எந்தத் தூரிகையால் செய்தாள் என்று நீங்களும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. கேட்கிற விஷயமா அது? சதோமிக்கு மட்டும் தெரியும். சிவப்பு நூல் கட்டியது வீட்டுக்கு: தனக்கு, மகளுக்கு, கோயில் விழாவில் ஆடுகிற குழந்தைகளுக்கு. வெள்ளை நூல் கட்டியது பெட்டிக்குள் படுத்திருப்பவர்களுக்கு. வருஷா வருஷம் எங்கள் ஊர்த் தூரிகைத் திருவிழாவுக்கு முன்னால் ஃபுசயே இரண்டையும் கொண்டுவந்து நாத்தனாரான சதோமியிடம் கொடுத்துக் கழுவி வாங்கிக்கொண்டு போவாளாம். ஒரு தடவை இப்படிச் சொன்னாளாம்: "இந்த வெள்ளை நூல் தூரிகை ஒரே மாதிரி முகத்தையே பாத்துப் பழகிருச்சு அண்ணி. உயிரோட இருக்கறவங்க கன்னத்துல வெச்சிராதீங்க. அதுக்கு வேற வேலை தெரியாது."

இப்போது புரிகிறதா மச்சான், எங்கள் நிலைமை? ஒன்று சிஹாயாவின் கன்னத்துக்கு, மற்றது திருவிழாவன்று குன்றின் மேலே கோயிலில் பழைய தூரிகைகளை எரித்து நன்றி சொல்கிற நெருப்புக்கு. எது எது என்று தெரியாது. இரண்டையும் அனுப்பவும் முடியாது, இரண்டையும் எரிக்கவும் முடியாது. புதிதாக ஒன்று வாங்கி அனுப்பிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று நான் கேட்டேன். "அம்மா கை பட்டதுன்னு ஒரு பொண்ணு கேக்குது, அதுக்குக் கடைச் சரக்கைக் குடுக்கச் சொல்றீங்களா?" என்றாள் உங்கள் அக்கா. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

சரி, முதலில் சீர்செய்வோம் என்று வேலையில் இறங்கினோம். அவள் சொல்லச் சொல்ல, சோப்பு நுரையை உள்ளங்கையில் வைத்து முடியை மெல்லச் சுழற்றினேன். இளகிய முடிக்கட்டைப் புதுப் பசை வைத்துப் பூணுக்குள் உட்கார வைத்தேன். கடற்பாசிக் கூழில் தோய்த்து, நூலை ஒரு சுற்று சுற்றி இழுத்து, மிச்சக் கூழைப் பிழிந்து, நுனியை விரலால் குவித்தேன். பிறகு சன்னலோரம் ஆணிக்கு ஒன்றாகத் தலைகீழாகத் தொங்கவிட்டேன், இடது ஆணியில் ஒன்று, வலது ஆணியில் ஒன்று. வாடிக்கையாளர்களின் மற்ற தூரிகைகளும் பக்கத்துக் கயிற்றில் தொங்கின. காற்றில் அவையெல்லாம் ஆடின. இந்த இரண்டும் ஆடவில்லை. எங்கள் பூனை எப்போதும் தூரிகையைக் கண்டால் தாவும். அன்றைக்கு வாசற்படியில் உட்கார்ந்து வலது ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தது, மீன் வைத்துக் கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

காய்ந்ததும் சதோமி சொன்னாள்: "முகத்துல வெச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

"யார் முகத்துல?"

வீட்டில் இருப்பது இரண்டு முகம், அதில் ஒன்று அவளுடையது. அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ஒரே டப்பாவிலிருந்து ஒரே கன்னச் சிவப்பை எடுத்து, இடது ஆணித் தூரிகையால் என் இடது கன்னத்திலும் வலது ஆணித் தூரிகையால் என் வலது கன்னத்திலும் தன் பழக்கமில்லாத இடக்கையால் பூசிவிட்டாள். கண்ணாடியில் பார்த்தேன். திருவிழா பொம்மைபோல இருந்தேனே தவிர வேறு வித்தியாசம் தெரியவில்லை. துடைப்பதற்குள் வாசலில் ஆள் வந்துவிட்டது. திருவிழாவுக்கு முன் தெருக்காரர்கள் எல்லாம் சேர்ந்து கோயிலில் புல் பிடுங்குகிற நாள் அது. போகாவிட்டால் ஒரு வருஷத்துக்குப் பேசுவார்கள். தொப்பியை இறக்கிப் போட்டுக்கொண்டு போனேன்.

குனிந்து புல் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன், என் இடது பக்கமாக வந்து உட்கார்ந்தார் சாராயக் கடை ஹமதா. "என்ன அண்ணே, பகல்லயே ஆரம்பிச்சாச்சா? கன்னம் ஜொலிக்குது. எங்க கடையில வாங்கலயே, யார் கடை சரக்கு?" என்று சிரித்தார். நான் பதில் சொல்வதற்குள் வலது பக்கம் எதிர்வீட்டு கஜியாமா அம்மாள் கூடையோடு வந்தார். என்னைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பிவிட்டார். குரல் தழைந்துவிட்டது. "எவ்வளவு அமைதியா இருக்கார் பாருங்க. தூங்கற மாதிரியே இருக்கு. ரொம்ப நல்ல மனுஷர். அவர் ஓட்டின பஸ்ல ஒரு நாள்கூட சடன் பிரேக் போட்டதில்ல."

"அம்மா, நான் இங்கதான் இருக்கேன்" என்றேன்.

"இருப்பீங்க, இருப்பீங்க. எங்களை விட்டு எங்க போயிருவீங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"யாரை? இவரையா? குடிச்சிருக்கார்ம்மா!" என்றார் ஹமதா.

"சும்மா இருங்க. இந்த நேரத்துல அவரைப் பத்தித் தப்பாப் பேசாதீங்க."

நான் நடுவில் புல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், இவர்கள் இருவரும் என் தலைக்கு மேலே சண்டை போடுகிறார்கள். சத்தம் கேட்டு பூசாரி வந்தார். அவர் வந்ததும் வலது பக்கமாகத்தான். சாவுத் தீட்டு என்றால் கோயில் எல்லைக்குள் விடாதவர் அவர். என்னைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே நின்று, ஒரு அடி பின்னால் போய், மிகவும் மரியாதையாக, "மன்னிக்கணும், நீங்க இப்ப இங்க இருக்கக் கூடாது. வீட்டுல எல்லாரும் காத்திருப்பாங்க" என்றார். உயிரோடு இருக்கும்போது என்னிடம் அவர் இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை. நான் எழுந்து வந்தேன். வழியில் கடை வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் சாலையின் வலது பக்கத்தில் இருந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து நின்று தலை குனிந்தார்கள். இடது பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள்.

அதுவரைக்கும் எனக்குச் சிரிப்புத்தான். வீட்டுக்கு வந்து முகம் கழுவினேன். இடது கன்னம் சோப்புப் பட்டதும் வெளுத்தது. வலது கன்னத்தில் இருந்தது போகவில்லை. தேய்த்தேன், சுரண்டினேன், கடைசியில் சதோமி ஓவியர் தூரிகைக்கு வைத்திருக்கும் எண்ணெயைக்கூடப் போட்டேன். விரலுக்கு ஒன்றும் ஒட்டவில்லை, தண்ணீரிலும் நிறம் இறங்கவில்லை. கன்னம் குளிர்ந்திருந்தது. போகட்டும், கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும் என்று தோன்றியது. இந்த இடத்தில் உங்களிடம் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன் மச்சான்: எனக்கு மிகவும் நிம்மதியாக இருந்தது. முதுகுவலி இல்லை. தின்னரில் போன அணில்முடிக் கவலை இல்லை. இவ்வளவு நிம்மதி எனக்கு எப்போதும் வந்ததில்லை, அது ஏன் என்று கேட்கவும் தோன்றவில்லை.

குளித்துவிட்டு யுகாதா என்கிற பருத்தி அங்கியைச் சுற்றிக்கொண்டு பாயில் படுத்தேன். கண்ணை மூடினேன். சன்னல் பக்கமிருந்து இளவெயில் காலில் விழுந்துகொண்டிருந்தது. அப்போது புருவத்தின் ஓரத்திலிருந்து காதுவரை ஒரு தூரிகை மெல்ல இறங்கியது. எறும்பு ஊர்ந்ததுபோல் அல்ல, காற்று பட்டதுபோலும் அல்ல. முடியின் நுனி, பிறகு முடியின் வயிறு, பிறகு மறுபடியும் நுனி. வேலை தெரிந்த கை. சதோமி சமையலறையில் முள்ளங்கி நறுக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. காதுக்கருகில் ஃபுசயேயின் குரல், அவள் வழக்கமாகப் பேசுகிற அதே தணிவில்: "அசையாதீங்க அண்ணா. இந்தப் பக்கம் முடிஞ்சிருச்சு. அந்தப் பக்கமும் போட்டுட்டா நீங்க கிளம்பலாம்."

நான் சரி என்று தலையைத் திருப்பிக் கொடுத்தேன்.

அந்த நேரத்தில் சதோமி உள்ளே வந்து போட்ட கத்தலில் பூனை கூரைமேல் ஏறிவிட்டது. நான் படுத்திருந்தது தலையை வடக்கே வைத்து. கை இரண்டும் மார்பில் கோத்திருந்தன. யுகாதாவை வலப்பக்கம் மேலே வரும்படி மடித்துக் கட்டியிருந்தேன். இந்த ஊரில் உயிரோடிருப்பவன் எவனும் அப்படிக் கட்டமாட்டான், நானும் பிறந்ததிலிருந்து கட்டியதில்லை. பிணத்துக்குத்தான் அந்தக் கட்டு. அவள் என்னைத் தோளைப் பிடித்து உலுக்கினாள், அறைந்தாள், நான் பக்கவாட்டில் மெல்லச் சாய்ந்தேனாம். "ஏங்க! எந்திரிங்க! நீங்க போயிட்டா நான் யாரைத் திட்டுவேன்?" என்று அழுதுகொண்டே ஓடிப்போய் இடது ஆணியிலிருந்த தூரிகையை எடுத்துச் சிவப்பில் தோய்த்து என் வலது கன்னத்தில் அடித்தாள். பூசவில்லை, அடித்தாள். அழுகையோடு ஃபுசயேயையும் திட்டினாள்: "உனக்கு வேலை பாக்கணும்னா வேற எங்கயாவது போய்ப் பாரு. இவரு இன்னும் எனக்கு வேணும்!"

கன்னத்தில் சூடு ஏறியது. மூக்கு அரித்தது. பெரிதாக ஒரு தும்மல் போட்டேன். பிறகு முதுகு வலித்தது, அணில்முடி ஞாபகம் வந்தது, பசித்தது. "முள்ளங்கி மட்டும்தானா?" என்று கேட்டேன். அதற்கும் ஓர் அறை விழுந்தது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் உங்கள் அக்கா என்னை வேண்டும் என்று சத்தம் போட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை, அதையும் செத்துப்போனவளிடம் சொன்னாள். இருந்தாலும் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆக, விஷயம் தெளிவாகிவிட்டது. இடது ஆணித் தூரிகைக்குச் சதோமி புதுச் சிவப்பு நூல் கட்டினாள். வலது ஆணியில் இருந்ததை நான் இடுக்கியால் எடுத்தேன், அவள் வெள்ளை நூலைப் பல்லால் பிடித்து முடிச்சுப் போட்டாள். இன்று திருவிழாவில் அதைக் கோயில் நெருப்பில் போட்டுவிட்டோம். பூசாரி நான் இடது பக்கமாக வருகிறேனா வலது பக்கமாக வருகிறேனா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்களின் பழைய தூரிகைகள் படபடவென்று வெடித்தன, முடி கருகும் நாற்றம் குன்று முழுக்க. நம்முடையது போட்டதும் ஒரு சத்தமும் இல்லை, நாற்றமும் இல்லை. இருந்தது, பிறகு இல்லை. ஃபுசயே எத்தனையோ பேரைக் கலவரமில்லாமல் அனுப்பிவைத்த தூரிகை, தானும் அப்படியே போயிற்று என்று சொல்லி இருவரும் கும்பிட்டோம். சதோமி வீட்டு வாசலில் தீட்டுக் கழிய என்மேல் உப்பு தூவித்தான் உள்ளே விட்டாள். மிச்சத்தை முள்ளங்கியில் போட்டிருக்கலாம்.

சிவப்பு நூல் தூரிகையைத் தாளில் சுற்றி, பெட்டியில் வைத்து, ஒட்டி, கட்டிவிட்டேன். நாளைக் காலை தபாலில் சேர்க்கிறேன். ஒரு குறையும் இல்லை, ஒரு பயமும் வேண்டாம், ஒரே ஒரு தூரிகைதான், அது நல்ல தூரிகை. என்னிடமே சோதித்தாகிவிட்டது. சிஹாயாவும் மாப்பிள்ளைப் பையனும் நூறு வயது வரை, இரண்டு கன்னமும் ஒரே மாதிரி சிவக்க வாழ வேண்டும். நீங்கள் தனியாக இருக்கிறேன் என்று சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். உங்கள் அக்காவின் ஆசீர்வாதத்தையும் என்னுடையதையும் குழந்தைக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உயிரோடு இருக்கும்
யசுஹிகோ

பின்குறிப்பு: மேலே எழுதியதில் "ஒரு பயமும் வேண்டாம்" என்பது தொடங்கி என் கையெழுத்து வரை தயவுசெய்து அடித்துவிடுங்கள். இன்று காலை நான் தபாலாபீசுக்குச் செருப்புப் போடும்போதுதான் நீங்கள் போன் செய்தீர்கள். "அத்தான், நான் அனுப்பின அந்த ஒத்தைத் தூரிகை வந்து சேந்துச்சா?" என்றீர்கள். ஒத்தையா என்று கேட்டேன். "ஒண்ணுதானே இருக்கு, சிவப்பு நூல் கட்டினது. இன்னொண்ணை நான்தானே ஃபுசயே கைக்குள்ள வெச்சு அனுப்பினேன்? சவப்பெட்டிக்குள்ள உலோகம் வைக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்களேன்னு யாருக்கும் சொல்லல. எலும்பு பொறுக்கும்போது பித்தளைப் பூண் உருகிக் கிடந்ததை என் கண்ணால பாத்தேன்" என்றீர்கள். நான் பட்டென்று போனை வைத்தது மரியாதைக் குறைவால் அல்ல.

சதோமியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள், நிறுத்தவில்லை. "வருஷா வருஷம் திருவிழாவுக்கு முந்தி ஃபுசயே ரெண்டையும்தானே கொண்டு வருவா? என்னிக்கு ஒண்ணை மட்டும் கொண்டு வந்திருக்கா?" என்றாள். நேற்று கட்டிய பெட்டியை அப்புறம்தான் கையில் எடுத்தேன். உள்ளே ஒரு மரக்காம்பு இன்னொரு மரக்காம்பில் இடிக்கிற சத்தம் கேட்கிறது. நான் பிரிக்கவில்லை. பிரிக்கவும் மாட்டேன், இந்தக் கடிதத்தைப் பெட்டியின் மேலேயே கட்டி அனுப்புகிறேன். நீங்களே திறந்து பாருங்கள். ஒன்று இருந்தால் எனக்கு உடனே போன் செய்யுங்கள். இரண்டு இருந்தால் போன் செய்ய வேண்டாம். சிவப்பு நூல் கட்டியதைக் குழந்தையிடம் கொடுங்கள், கல்யாண மண்டபத்தில் பெண்ணின் அம்மாவுக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள். அவள் வந்து பார்க்கட்டும். என் வலது பக்கத்தில் மட்டும் போட வேண்டாம்.